குளத்துக்கு அக்கரையில் பாட்டு: 1,450 ரூபாய் லேசர் கிட், ஒரு பழைய மைக்ரோவேவ்காரரின் அனுபவம்

விலை 1,450 ரூபாய். மே மாத லீவில், நாகர்கோவில் மணிமேடைக்குப் பக்கம் இருக்கும் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கினேன். பெட்டியில் கம்பெனிப் பெயர் என்று ஒன்றும் இல்லை. லேசர் வெளிச்சத்தில் குரலும் எழுத்தும் அனுப்பும் கருவி, 500 மீட்டர் வரை போகும் என்று மட்டும் அச்சடித்திருந்தது. இரண்டரை மாதம் வைத்துப் பழகிவிட்டு இதை எழுதுகிறேன். வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் பெட்டியில் வருவதை அப்படியே வைத்துக்கொண்டு 50 மீட்டருக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு மேல் போக ஒரு ஆசாரியின் உதவியும் நிறையப் பொறுமையும் வேண்டும்.

வாங்கிய காரணம் என் பேத்தி. எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். விண்வெளியிலிருந்து லேசரில் வந்த பூனை வீடியோவை யாரோ அவளுக்குக் காட்டியிருக்கிறார்கள். "பாட்டா, ஒயரும் இல்ல, டவரும் இல்ல, வெறும் வெளிச்சத்துல எப்படி வீடியோ வரும்?" என்று கேட்டாள். நான் தொலைபேசித் துறையில் மைக்ரோவேவ் என்ற ரேடியோ அலைப் பிரிவில் 31 வருஷம் வேலை பார்த்தவன். ஒரு டவரில் ஏறி, 40 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் இன்னொரு டவரைப் பார்த்து டிஷ்ஷைத் திருப்பி வைப்பதுதான் என் தொழில். பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் இந்த விஷயம் வாயால் சொன்னால் மனசில் நிற்காது. கையால் செய்து பார்க்கட்டும் என்று தோன்றியது. அடுத்த நாளே இரண்டு பேரும் பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் போனோம்.

அந்தப் பூனை வீடியோவின் கதையைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நாசா 2023 அக்டோபர் 13 அன்று சைக்கி என்ற விண்கலத்தை அனுப்பியது. அதே பெயருள்ள, உலோகம் நிறைந்த ஒரு சிறுகோளை நோக்கி அது போய்க்கொண்டிருக்கிறது. அதில் சோதனைக்காக ஒரு லேசர் கருவியையும் ஏற்றியிருந்தார்கள். டிசம்பர் 11 அன்று, சுமார் 3 கோடியே 10 லட்சம் கிலோமீட்டர் தூரத்திலிருந்து, 15 நொடி வீடியோ ஒன்று லேசர் ஒளியில் பூமிக்கு வந்தது. டேட்டர்ஸ் என்ற ஆரஞ்சு நிறப் பூனை ஒன்று தரையில் ஓடும் லேசர் புள்ளியைத் துரத்துகிறது, அவ்வளவுதான் காட்சி. ஒளி இங்கே வந்து சேர 101 நொடி ஆனது. வேகம் நொடிக்கு 267 மெகாபிட். எங்கள் வீட்டில் மாசம் பணம் கட்டி வைத்திருக்கும் இணைப்பு 100 மெகாபிட்தான்.

சரி, நம் பெட்டிக்கு வருவோம். உள்ளே 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் ஒன்று. 5 மில்லிவாட்டுக்குக் குறைவு என்று லேபிள் ஒட்டியிருக்கிறது. அதை ஓட்டும் சின்ன போர்டு, செல்போனிலிருந்து பாட்டு கொடுக்க ஒரு ஒயர், ஒரு குட்டி மைக். ஒளியை வாங்கும் பக்கத்துக்கு ஒரு சோலார் செல், அதே போல ஒளியை மின்சாரமாக்கும் ஒரு போட்டோடயோடு, ஆம்ப்ளிஃபையர் போர்டு, ஸ்பீக்கர், 5 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் லென்ஸ். இரண்டு பிளாஸ்டிக் ஸ்டாண்டு. கம்ப்யூட்டரில் சொருகி எழுத்து அனுப்ப இரண்டு யுஎஸ்பி போர்டு. 9 வோல்ட் பேட்டரி நாம்தான் வாங்க வேண்டும். விளக்கத் தாள் ஆங்கிலத்திலும் சீன மொழியிலும் இருக்கிறது, தமிழில் ஒரு வரி கிடையாது. பிள்ளைகளுக்கென்று விற்கும் பொருள், அதுவும் கண்ணைக் கெடுக்கக்கூடிய பொருள். எச்சரிக்கையாவது தமிழில் போட்டிருக்க வேண்டும். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

வேலை செய்யும் விதம் எளிது. பாட்டின் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி லேசரின் வெளிச்சம் கூடும், குறையும். கண்ணுக்கு அந்தத் துடிப்பு தெரியாது. எதிர்ப்பக்கம் சோலார் செல்லில் விழுந்ததும் அதே துடிப்பு மின்சாரமாக மாறி, ஸ்பீக்கரில் பாட்டாக வரும்.

முதல் ராத்திரி ஹாலில் 4 மீட்டரில் வைத்துப் பார்த்தோம். ஒரே உறுமல். "பாட்டா, இரைச்சல் மட்டும்தான் கேக்கு" என்றாள். லேசரை அணைத்தாலும் அதே உறுமல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்பீக்கரில் பாடிக்கொண்டிருந்தது எங்கள் வீட்டு டியூப்லைட்! நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வருவதால் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். நம் கண் அதைப் பார்க்காது, சோலார் செல் பார்க்கும். லைட்டை அணைத்தோம், பாட்டு தெளிவாக வந்தது. அவள் கையை லேசருக்குக் குறுக்கே வைத்தாள், பாட்டு நின்றது. எடுத்தாள், வந்தது. பத்து இருபது தடவை அதையே செய்துகொண்டிருந்தாள். நான் கொடுத்த 1,450 ரூபாயில் பாதி அந்தப் பத்து நிமிஷத்திலேயே கைக்கு வந்துவிட்டது.

அப்புறம் லைட்டைப் போட்டுக்கொண்டே கேட்பது எப்படி என்று அவளே யோசித்தாள். கறுப்பு சார்ட் பேப்பரைக் குழாய் மாதிரி சுருட்டி சோலார் செல்லுக்கு முன்னால் ஒட்டினாள். உறுமல் முக்கால்வாசி போய்விட்டது. விண்வெளியோடு லேசரில் பேசும் பெரிய நிலையங்களிலும் இதே கவலைதான். பகல் வெளிச்சத்தில் லேசரைப் பிடிக்க, வரும் திசையை மட்டும் பார்க்கும் தொலைநோக்கியும், அந்த ஒரு நிறத்தை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியும் வேண்டும்.

மூன்றாம் நாள் ஆம்ப்ளிஃபையர் போர்டு பேச்சை நிறுத்தியது. திறந்து பார்த்தால் வால்யூம் திருகிக்கு வைத்த ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை, பெயருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. நானே பற்றவைத்திருப்பேன், ஆனால் எல்லா வீட்டிலும் சால்டரிங் அயர்ன் இருக்காதே என்று கடைக்குக் கொண்டுபோனேன். கிட் வகைக்கு ரிட்டர்ன் கிடையாது என்று முதலில் சொன்னார்கள். பேத்தி சார்ட் பேப்பர் குழாயைக் காட்டி நடந்ததைச் சொன்னதும், உள்ளே இருந்த தம்பி வேறொரு பெட்டியைப் பிரித்து போர்டை மாற்றிக் கொடுத்தார். கடைக்குப் போகிறவர்கள் அங்கேயே பேட்டரி போட்டு, சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது மொட்டைமாடி. எங்கள் ஊர் வில்லுக்குறிக்குப் பக்கம். எங்கள் மாடிக்கும் தம்பி வீட்டு மாடிக்கும் இடையே 38 மீட்டர். சாயங்காலம் வைத்தால் பாட்டு பிரமாதமாகக் கேட்டது. மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு வைத்தால், அதே பாட்டு தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது போல நடுங்கியது. நடுவில் ஒரு தகரக் கூரை இருக்கிறது. அதன் மேல் காற்று கொதித்து, புள்ளி நட்சத்திரம் மினுக்குவதைப் போல மினுக்கிக்கொண்டிருந்தது. மைக்ரோவேவில் இதற்கு ஃபேடிங் என்போம். அப்போதெல்லாம் எனக்கு மீட்டரில் முள் ஆடுவதுதான் தெரியும். இங்கே சிவப்புப் புள்ளியே கண்ணெதிரே ஆடியது. 31 வருஷம் எண்ணாகப் பார்த்ததை இந்தச் சின்னப் பெட்டியில்தான் உருவமாகப் பார்த்தேன்.

பேத்திக்கு இப்போது தூரத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. கிரஹாம் பெல் டெலிபோனுக்கு அப்புறம் செய்த ஒரு காரியத்தை அவளுக்குச் சொன்னேன். 1880-ல், வாஷிங்டனில், பெல்லும் அவருடைய உதவியாளர் டெயின்டரும் சூரிய ஒளியில் குரலை அனுப்பினார்கள். பேசும்போது அதிரும் மெல்லிய கண்ணாடியில் வெயிலைப் படவைத்து, எதிரே, வெளிச்சத்துக்குத் தக்கபடி மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து விடும் செலினியம் என்ற பொருளை வைத்துப் பிடித்தார்கள். டெயின்டர் ஒரு பள்ளிக்கூட மாடியிலிருந்து பேச, 213 மீட்டர் தள்ளி பெல் கேட்டார். லேசர் வருவதற்கு 80 வருஷம் முன்னால். "அப்போ நாம 214 மீட்டர் போவணும்" என்றாள்.

எங்கள் ஊர்க் குளத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைப் படித்துறைக்கு செல்போன் மேப்பில் அளந்து பார்த்தோம். 220 மீட்டர் வந்தது. நடுவில் தண்ணீர்தான், ஆள் நடமாட்டம் இல்லை. அதனால்தான் அந்த இடம். என் தம்பி மகன் சோலார் செல்லோடு அக்கரைக்குப் போனான். அவனுக்குப் பின்னால் கறுப்பு பெயின்ட் அடித்த பிளைவுட் பலகை ஒன்றை நிறுத்தச் சொன்னேன், தப்பிப் போகும் வெளிச்சம் அதோடு நிற்கட்டும் என்று. சூரியன் வேளிமலைக்குப் பின்னால் இறங்கியதும் ஆரம்பித்தோம்.

ஒரு மணி நேரம் போராடியும் ஒன்றும் நடக்கவில்லை. போனில் அவன், "ஒண்ணும் கேக்கல்ல பெரியப்பா. புள்ளி இப்போ மரத்துல இருக்கு. இப்போ தண்ணியில. இப்போ காணல்ல." இந்த கிட்டின் பெரிய குறை இதுதான். ஸ்டாண்டு பிளாஸ்டிக். லேசரை மேலும் கீழும் சாய்க்கும் மூட்டுக்கும் அதைப் பிடிக்கும் திருகுக்கும் இடையே 10 சென்டிமீட்டர்தான் இருக்கிறது. திருகு ஒரு மில்லிமீட்டர் அசைந்தால், 220 மீட்டர் தள்ளிப் புள்ளி 2.2 மீட்டர் நகர்ந்துவிடும். அந்த பிளாஸ்டிக் திருகோ, கையை எடுத்தாலே ஒரு மில்லிமீட்டர் பின்னால் வரும். காற்று வேறு. 500 மீட்டர் என்று பெட்டியில் போட்டவர்கள் இந்த ஸ்டாண்டை வைத்து அந்தத் தூரத்தை ஒருமுறையாவது பார்த்திருப்பார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை.

பேத்தியின் முகம் வாடிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் நான் அவளிடம் சொன்னேன், நம் லேசருக்கு வெளிச்சம் போதாமல் இல்லை, அக்கரையில் புள்ளி நன்றாகத் தெரிந்ததே. அதைப் பிடித்து நிறுத்தத்தான் நமக்குக் கை இல்லை. மைக்ரோவேவ் டிஷ் அலை ஒரு டிகிரி அளவுக்கு விரிந்து போகும், கொஞ்சம் தப்பினாலும் மன்னிக்கும். லேசர் மன்னிக்காது. அதிகம் விரியாமல் போவதால்தான் அதற்கு அவ்வளவு பலம், அதனால்தான் அவ்வளவு கஷ்டமும்.

மறுநாள் ஆசாரியைப் போய்ப் பார்த்தோம். அயனி மரப் பலகையில் 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு அடிக்கட்டை செய்து தந்தார். ஒரு முனையில் இரண்டு கால், மறு முனையில் ஒரு நீள போல்ட். போல்ட்டை ஒரு முழுச் சுற்றுத் திருக்கினால் ஒரு மில்லிமீட்டர் உயரும். நீளம் மூன்று மடங்கானதால், அக்கரையில் புள்ளி 73 சென்டிமீட்டர் ஏறும். கால் சுற்றுக்கு 18 சென்டிமீட்டர். இந்தக் கணக்கைப் பேத்திதான் போட்டாள். பக்கவாட்டில் திருப்பவும் அதே மாதிரி இன்னொரு போல்ட். ஆசாரிக்கு 400 ரூபாய், போல்ட்டுக்கு 60. கட்டையை மணல் நிரப்பிய சிமெண்ட் சாக்கின் மேல் அழுத்தி வைத்தோம். பிளாஸ்டிக் ஸ்டாண்டு இரண்டும் இப்போது அலமாரியில் கிடக்கின்றன.

அப்புறம் இன்னொரு உபாயம். அக்கரையில் சோலார் செல்லுக்கு ஒட்டினாற்போல ஒரு டார்ச்சை எங்களை நோக்கி எரியவைத்தோம். இக்கரையில் லேசரின் மேல் ஒரு சாதாரண குழாயைக் கட்டி, அதன் வழியே அந்த டார்ச் வெளிச்சத்தைக் குறிபார்த்தோம். இருட்டில் எங்கே திருப்புவது என்ற தேடலே இல்லை.

இதைச் செய்து முடித்த பிறகுதான் சைக்கி விண்கலத்தின் வேலையை அவளுக்கு விளக்கினேன், ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. அங்கேயும் டார்ச் உண்டு. கலிஃபோர்னியாவில் டேபிள் மவுன்டன் என்ற மலையிலிருந்து பலமான லேசர் ஒன்றை விண்கலத்தை நோக்கி எரியவிட்டார்கள். விண்கலத்தில் இருக்கும் 22 சென்டிமீட்டர் தொலைநோக்கி அந்த வெளிச்சத்தைக் கண்டுபிடித்து, அதைப் பிடித்துக்கொண்டுதான் தன் லேசரை பூமிக்குத் திருப்பியது. அங்கேயும் மணல் சாக்கு உண்டு. விண்கலத்தின் அதிர்வு லேசருக்குப் போகாதபடி கருவியைத் தனியாகத் தாங்கிப் பிடிக்கும் கால்கள் வைத்திருக்கிறார்கள். விண்கலத்தின் லேசர் சக்தி வெறும் 4 வாட். ஒரு சின்ன எல்இடி பல்ப் அளவுதான்.

அங்கே இருப்பதும் நமக்கு இல்லாததும் ஒன்று உண்டு. பூமி நிற்காது. 2024 ஏப்ரல் 8 அன்று சைக்கி 22 கோடியே 60 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. அங்கிருந்து ஒளி வர பன்னிரண்டரை நிமிஷம். விண்கலம் பார்க்கும் டார்ச் பன்னிரண்டரை நிமிஷத்துக்கு முந்திய பூமியைக் காட்டும். அது அனுப்பும் பதில் வந்து சேர இன்னும் பன்னிரண்டரை நிமிஷம். இந்த 25 நிமிஷத்தில், நொடிக்கு 30 கிலோமீட்டர் வீதம் சூரியனைச் சுற்றும் பூமி 45,000 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். லேசரின் அலைநீளத்தையும் தொலைநோக்கியின் அகலத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால், அந்த ஒளி இங்கே வரும்போது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் விரிந்திருக்கும். கன்னியாகுமரியிலிருந்து ஹைதராபாத் வரை மூடும். பெரிசாகத் தெரிகிறது, ஆனால் 45,000 கிலோமீட்டர் தப்பினால் ஒரு பயனும் இல்லை. அதனால் பூமி இருக்கப்போகும் இடத்தைக் குறிவைத்து லேசரை அனுப்ப வேண்டும். குளச்சல் பக்கம் மீன் கூட்டம் ஓடும் திசைக்கு முன்னால் வலையை வளைப்பார்கள் இல்லையா, அந்தக் கைப்பழக்கம்தான். அந்த ஏப்ரல் மாதச் சோதனையில் வேகம் நொடிக்கு 25 மெகாபிட் வந்தது.

வந்து விழுந்த ஒளியைப் பிடித்தது கலிஃபோர்னியாவிலேயே பாலமர் மலையில் இருக்கும் ஹேல் தொலைநோக்கி. அதன் கண்ணாடி 5.1 மீட்டர் அகலம். அவ்வளவு பெரிய கண்ணாடியிலும் விழுந்தது மிகக் கொஞ்சம்தான். அதை ஒவ்வொரு ஒளித்துகளாக எண்ணும் உணர்கருவியை, இதற்கு மேல் குளிரவே முடியாது என்ற நிலைக்குக் கிட்டத்தட்ட இறக்கி வைத்திருந்தார்கள்.

எங்கள் குளத்துக்கு வருகிறேன். இரண்டாவது சாயங்காலம். அக்கரையில் புள்ளி ஒரு தாம்பாள அகலத்துக்கு விரிந்து, பலகையின் மேல் அசையாமல் நின்றது. "பைய திருக்கு மக்ளே, கால் சுத்து" என்றேன். திருக்கினாள். போனில் சத்தமே இல்லை. அப்புறம் தம்பி மகன் போனை ஸ்பீக்கர் பக்கம் பிடித்தான். இக்கரையில் அவள் செல்போனில் ஓடிய பாட்டு வெளிச்சமாகக் குளத்தைத் தாண்டிப் போய், போன் வழியாகத் திரும்பி எங்கள் காதுக்கு வந்தது. அவள் மைக்கை எடுத்து, "அண்ணா, கேக்குதா? 220 மீட்டர்!" என்று கத்தினாள். அவன் அங்கிருந்து கையை ஆட்டினான். படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வந்து நின்று கேட்டார்கள். ஒரு பெரியவர் லேசருக்குக் குறுக்கே துண்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒயரே இல்லியே!" என்று மூன்று முறை சொன்னார்.

தரத்தைப் பற்றி: சோலார் செல்லில் பாட்டு பானைக்குள் பாடுவது போல மந்தமாக இருக்கும். செல்லின் பரப்பு பெரிது, வேகமான துடிப்பை அது விழுங்கிவிடும். லென்ஸை வைத்து போட்டோடயோடுக்கு மாற்றினால் ஜால்ரா சத்தம்கூட எழும். ஆனால் அதன் முகம் கடுகு போலச் சின்னது, குறி கொஞ்சமும் தப்பக்கூடாது. முதலில் சோலார் செல்லில் பழகிவிட்டு அதற்குப் போங்கள்.

எழுத்து அனுப்பும் போர்டுகள் இந்த கிட்டின் நல்ல பகுதி. அதைப் பற்றித் தாளில் இரண்டு வரிதான் இருக்கிறது, நானே தட்டித் தட்டிக் கண்டுபிடித்தேன். நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் மாடியில் பிழையில்லாமல் போன திருக்குறள், குளத்தில் எழுத்துகள் உடைந்து வந்தது. வேகத்தை 1,200-க்குக் குறைத்தோம், முழுசாக வந்தது. தூரம் கூடினால் வேகத்தைக் குறைத்துப் பேச வேண்டும் என்பது ஒரு குறளில் புரிந்துவிட்டது. சைக்கியும் 39 கோடி கிலோமீட்டர் போனபோது நொடிக்கு 6.25 மெகாபிட்டுக்கு இறங்கித்தான் பேசியது. 2024 டிசம்பரில் 49 கோடியே 40 லட்சம் கிலோமீட்டரிலிருந்தும் பேசியது. 2025 செப்டம்பரில் அந்தச் சோதனை முடிந்தது, மொத்தம் 65 முறை.

ஜூன் வந்தது, மழை வந்தது. தூறலில் பாட்டு விட்டு விட்டு வந்தது. ஒரு விடியற்காலையில் குளத்தின் மேல் பனிப்புகை படர்ந்திருந்தபோது, சிவப்புக் கோடு காற்றில் பாதிக் குளம் வரை அழகாகத் தெரிந்தது, ஆனால் அக்கரைக்கு ஒன்றும் போகவில்லை. கோடு தெரிகிறது என்றால் வெளிச்சம் வழியிலேயே சிதறுகிறது என்றுதானே அர்த்தம்! லேசரின் பெரிய எதிரி மேகம். இந்த இடத்தில் ரேடியோவுக்கு மரியாதை செய்ய வேண்டும். பெங்களூருக்குப் பக்கம் பியாலலுவில் இருக்கும் இஸ்ரோவின் 32 மீட்டர் டிஷ், மழை பெய்கிறது என்று சந்திரயானோடு பேச்சை நிறுத்தாது. நாசா 2021 டிசம்பரில் ஒரு செயற்கைக்கோளில் ஏற்றி அனுப்பிய, லேசரில் செய்தியை வாங்கிக் கடத்தும் கருவிக்கு கலிஃபோர்னியாவில் ஒன்று, ஹவாயில் ஒன்று என்று தரையில் இரண்டு நிலையம் வைத்ததும் மேகத்துக்குப் பயந்துதான். ஒரு இடம் மூடினால் இன்னொரு இடம் திறந்திருக்கும். இரண்டு மழைக்காலம் உள்ள நம் மாவட்டத்தில் இந்த கிட் வாங்குகிறவர்கள் மாசி முதல் சித்திரை வரை பயன்படுத்துவது நல்லது.

மழை, மேகம், குறிபார்க்கும் கஷ்டம் எல்லாம் இருந்தும் ஏன் லேசர் என்று ஒருவர் கேட்டார். ஒரே அளவு எடை, ஒரே அளவு மின்சாரம் உள்ள ரேடியோவைவிட 10 முதல் 100 மடங்கு விவரம் அனுப்பலாம் என்று நாசா சொல்கிறது. 2013-லேயே நிலவைச் சுற்றிய ஒரு விண்கலம் லேசரில் நொடிக்கு 622 மெகாபிட் அனுப்பியிருக்கிறது. செவ்வாய்க்கு மனிதர் போனால் இங்கிருந்து பார்க்க நல்ல வீடியோ வேண்டாமா?

கண் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். லேசர் எரியும்போது அதன் வாயை யாரும் பார்க்கக்கூடாது, லென்ஸ் வழியாகப் பார்க்கவே கூடாது. லேசரின் உயரம் ஆள் கண் உயரத்தில் இருக்கக்கூடாது. பின்னால் கறுப்புப் பலகை கட்டாயம். ரோட்டைத் தாண்டிப் பிடிக்காதீர்கள், பைக்கில் வருகிறவர் கண்ணில் பட்டால் உயிருக்கே ஆபத்து. வானத்தை நோக்கித் திருப்பவே வேண்டாம், திருவனந்தபுரம் விமான நிலையம் நமக்குப் பக்கம். இது எதுவும் அந்தத் தாளில் தமிழில் இல்லாததால்தான் இங்கே எழுதுகிறேன். பெரியவர் ஒருவர் கூடவே நிற்க முடியாத வீட்டில் இதை வாங்க வேண்டாம்.

மதிப்பெண் கேட்டால், மின்னணுப் பகுதிக்கு 5-க்கு 4. ஸ்டாண்டுக்கு 1. விளக்கத் தாளுக்கு நான் மதிப்பெண் போடமாட்டேன். பள்ளிக்கூடங்கள் வாங்கினால் இரண்டு கிட்டாக வாங்குங்கள், இரண்டு பக்கமும் பேசலாம். கூடவே மூன்று 9 வோல்ட் பேட்டரி, ஒரு பேட்டரி இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை.

பேத்தி இப்போது பழைய இலக்கை விட்டுவிட்டாள், 300 மீட்டர் வேண்டும் என்கிறாள். 2021 மார்ச்சில் அகமதாபாத்தில் இஸ்ரோ விஞ்ஞானிகள் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, ராத்திரியில், 300 மீட்டருக்கு ஒளித்துகள்கள் வழியாக, செய்தியைப் பூட்டித் திறக்கும் ரகசியச் சாவி அனுப்பிக் காட்டினார்கள். அது வேறு உயரத்து வேலை, நம் கிட் அதன் பக்கத்தில் வராது என்று சொன்னேன். "தூரம் மட்டும் போதும் பாட்டா" என்கிறாள். சரக்கல்விளையில் பிறந்த சிவனும், மேலகாட்டுவிளையில் பிறந்த நாராயணனும் இஸ்ரோவுக்குத் தலைவராக வந்த மாவட்டம் இது. ஒரு பிள்ளை 300 மீட்டர் கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் குளம் போதாது. மாத்தூர் தொட்டிப்பாலம் நேர்கோடாக, அதைவிட நீளமாக இருக்கிறதே என்று கேட்டாள். ஆட்கள் நடந்துபோகும் பாலம், அங்கே கூடாது என்று சொல்லிவிட்டேன். இன்னும் பெரிய குளம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம், மறு கரையில் வயல்தான், ஆள் இல்லை. ஆடிக் காற்று அடங்க வேண்டும். வாங்கும் பக்கத்துக்கும் அதே மாதிரி ஒரு அயனிக் கட்டை வேண்டும் என்று ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன், ஆவணி பிறந்ததும் தருகிறேன் என்றார்.